பழையவை என்றொரு பொத்தான்

டயாலிசிஸ் வார்டுக்கு வெளியே காத்திருப்பு அறையில் பதினாறு நாற்காலிகள். அவற்றில் நிம்மதியாகச் சாய்ந்து உட்காரக்கூடியவை ஐந்துதான். மருமகள் நான்கு வருடமாக வந்துபோகிறவள் என்பதால், எது சாயும், எது சாய்ந்தால் ஆளோடு போய்விடும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. செவ்வாய், வியாழன், சனி. காலை எட்டரைக்கு மாமியாரை உள்ளே அனுப்பினால் பன்னிரண்டரைக்கு வெளியே வருவார். நடுவில் இருக்கும் நான்கு மணி நேரத்தை என்ன செய்வதென்று முதல் வருடம் அவளுக்குப் புரியவில்லை. தூங்கிப் பார்த்தாள், கழுத்து பிடித்துக்கொண்டது. பக்கத்தில் இருப்பவர்களின் கதைகளைக் கேட்டுப் பார்த்தாள், எல்லாம் அவள் கதையாகவே இருந்தது. இரண்டாம் வருடம்தான் பழைய லேப்டாப் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தாள்.

அதற்கு முன்னால் அவள் ஒரு கூரியர் அலுவலகத்தில் விலாசங்களைத் தட்டச்சு செய்யும் வேலையில் இருந்தாள். வாரத்தில் மூன்று நாள் மதியத்துக்கு மேல்தான் வருவேன் என்றால் எந்த மேலாளர்தான் தாங்குவார்? அவரும் எட்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். ஒருநாள், "நீங்களே ஒரு முடிவுக்கு வந்துடுங்கம்மா" என்றார். அவளும் வந்தாள். கணவன் நெடுந்தூர லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் நான்கு நாள் வீட்டில் இருப்பான், அதில் இரண்டு நாள் தூங்குவான். நாத்தனாரின் பாசமெல்லாம் தொலைபேசியோடு சரி. ஆக, அந்த வீட்டில் மாமியாருக்கு மருமகள், மருமகளுக்கு மாமியார். வேறு போக்கிடம் இருவருக்கும் இல்லை.

உட்கார்ந்த இடத்திலிருந்தே செய்யக்கூடிய வேலை ஏதாவது வேண்டும் என்று இணையதளம் கட்டக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தாள். பாடம் எடுத்தது, முகமே காட்டாத ஒரு குரல். இயர்போனில் ஒரு காதுதான் வேலை செய்தது. மறு காதில் வார்டு மெஷின்களின் பீப் சத்தம். நாற்பது வயதுக்கு மேல் புதிதாக ஒன்றைப் படிப்பதில் உள்ள அவமானம் ஒருபக்கம் இருக்கட்டும். எழுதும் கட்டளையில் ஒரு அரைப்புள்ளியை விட்டதற்காக ஒரு பக்கம் முழுக்க வெள்ளையாகிப் போகும்போது, அதற்காக அழலாமா கூடாதா என்று யாரிடம் கேட்பது?

பன்னிரண்டாம் பாடத்தை எட்டவே நான்காம் வருடம் ஆகிவிட்டது. அதன் முடிவில் ஒரு பயிற்சி. தளத்துக்கு வருகிறவர்கள் எதையாவது எழுதி அனுப்பவும், அதை மற்றவர்கள் படித்துப் பகிரவும் ஒரு பக்கம் செய்ய வேண்டும். என்ன பக்கம் என்று அவள் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. அந்த வாரம்தான் வார்டில் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் படுத்துவிட்டது; அது ஓடாமல் டயாலிசிஸ் கிடையாது. இரண்டு பஸ் மாறி வந்தவர்களெல்லாம் வாசலோடு திரும்பினார்கள். ஒருத்தர், ஒரே ஒருத்தர், முன்கூட்டியே எங்காவது எழுதிப் போட்டிருந்தால் போதும். அந்த 'எங்காவது' எது என்று அவளுக்கு அன்றே தெரிந்துவிட்டது.

ஒரு பெட்டி, ஒரு பொத்தான், கீழே ஒரு பட்டியல். எழுதி அனுப்பினால் பட்டியலில் வரும். ஒவ்வொன்றின் கீழும் 'பகிர்' என்று இன்னொரு சின்னப் பொத்தான். கேட்டால் இவ்வளவுதான் சமாசாரம். செய்யப்போனால்தான் தெரியும்.

மாமியாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வயது அறுபத்தேழு. முப்பது வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இணைப்புக் கொடுத்தவர். குரலை வைத்தே எதிராளி பொய் சொல்கிறாரா என்று சொல்லிவிடுவார். ஃபோனை மருமகளைவிட வேகமாகக் கையாளுவார். சிறுநீரகம் நீரை வெளியேற்றாது என்பதால், ஒருநாளைக்கு அவருக்கு அனுமதி முக்கால் லிட்டர் தண்ணீர். அதைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் அளந்து ஊற்றி வைப்பது மருமகளின் பொறுப்பு. அதனால் அவளுக்கு 'தண்ணி போலீஸ்' என்று பெயர். "தண்ணி போலீஸ் வர்றா, டம்ளரை மறைங்க" என்று நர்சுகளிடம் சொல்லிச் சிரிப்பார். நர்சுகளும் சிரிப்பார்கள். மருமகளும் சிரிப்பாள், வேறு வழியில்லாமல்.

வேடிக்கைக்கு நடுவே மாமியார் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார். "என்னிக்கு நான் உனக்குப் பாரம்னு தெரியுதோ, அன்னிக்கே இந்த ஊசி, மெஷின் எல்லாம் வேண்டாம்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடுவேன். அதுக்கு மேல ஒருநாள் கூட இழுக்க மாட்டேன்." டாக்டரிடம் சொல்லியிருக்கிறார், மகனிடம் சொல்லியிருக்கிறார். வாய்ச்சவடால் என்று தள்ளிவிடவும் முடியாது. அடுத்த படுக்கையில் இருந்த அம்மாள் ஒருத்தி அப்படித்தான் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். பதினோராம் நாள் செய்தி வந்தது. "தைரியசாலி" என்றார் மாமியார். அன்றிலிருந்து அந்தப் பேச்சு எழுந்தாலே மருமகள் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாள்.

பக்கத்தைக் கட்டும்போது சோதித்துப் பார்க்க வேண்டுமே. எல்லோரையும் போல அவளும் முதலில் 'டெஸ்ட்' என்று தட்டினாள். பிறகு 'டெஸ்ட் டெஸ்ட்'. வந்தது. ஆனால் நீளமாக எழுதினால் எழுத்துகள் பெட்டியை விட்டு வெளியே வழிகின்றனவா, வரிகள் வரிகளாகவே நிற்கின்றனவா என்பது இந்த டெஸ்டில் தெரியாது. நீளமாக எதையாவது எழுதியாக வேண்டும். எதை எழுதுவது? யோசிக்கத் தெம்பில்லாதவளின் கைக்கு, மனதில் முட்டிக்கொண்டு நிற்பதுதான் முதலில் வரும். இப்படி எழுதினாள்:

"தண்ணி போலீஸ் வேலைக்கு லீவு கிடையாது.
முக்கால் லிட்டர் அளந்து வைக்கறவளும் நான், அவங்க தாகத்துக்குக் குற்றவாளியும் நான்.
செவ்வாய், வியாழன், சனி. நாலு வருஷம்.
இது எப்ப முடியும்?
முடியணும்னா என்ன நடக்கணும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுகிட்டேதான் கேக்கறேன்."

அனுப்பினாள். ஐந்து வரியும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கொழகொழப்பாக வந்து நின்றது. தன் வாழ்க்கையின் மிக உண்மையான ஐந்து வரிகளை எழுதிவிட்டு, வரிகள் ஒட்டிக்கொண்டதை மட்டும்தான் அவள் கவனித்தாள். அதைச் சரிசெய்ய இரண்டு நாள் ஆயிற்று. சரியானதும் வந்த சந்தோஷத்தில், என்ன எழுதினோம் என்பதே மறந்துபோனது.

அப்புறம் மாமியாருக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு இரண்டு வாரம் பெரிய வார்டில் படுக்க நேர்ந்தது. லேப்டாப்பைத் திறக்க நேரமில்லை. திரும்பி வந்து பக்கத்தை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றியபோது, ஏற்றுவதற்கு முன் ஒருமுறை திறந்து பார்த்தாள். பட்டியல் காலியாக இருந்தது. சோதனைக்கு எழுதியதையெல்லாம் முன்பே அழித்துவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்தாள். அங்கேதான் சறுக்கினாள். வார்டுச் செய்தி பத்து நாளுக்குமேல் யாருக்கும் உதவாது என்று, கடைசிப் பத்து நாளில் எழுதியதை மட்டும் காட்டும்படி பக்கத்தைக் கட்டியவள் அவளேதான். கண்ணில் படாததெல்லாம் இல்லாமல் போய்விடுமா? எழுதியது எழுதியபடி சேமிப்பில் கிடந்தது. அந்தச் சேமிப்பையும் சேர்த்துத்தான் இணையத்தில் ஏற்றினாள். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் செய்யும் தவறு. கையில் இருப்பதை விட்டுவிட்டுக் கண்ணில் தெரிவதை எண்ணுகிறார்கள்.

பக்கம் பிழைத்துக்கொண்டது என்பதைவிட, பிய்த்துக்கொண்டு ஓடியது என்று சொல்லலாம். அதில் வருவதைப் பகிரவென்றே வார்டுக்காரர்கள் வாட்ஸ்அப்பில் ஒரு குரூப்பும் ஆரம்பித்தார்கள். 'மூணாம் மெஷின் இன்னிக்கு ரிப்பேர்', 'லிஃப்ட் வேலை செய்யலை, பின்வாசல் வழியா வாங்க', 'புது நர்ஸ் ஊசி குத்தினா வலிக்கலை, பேர் கேட்டு வெச்சுக்குங்க.' மனைவிக்குத் துணையாக வரும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்தான் அதில் நிறைய எழுதுவார். எதற்கும் தலைப்புப் போட்டாக வேண்டும் அவருக்கு. 'பெட் ஃபோர்' என்று ஆங்கிலத்தில் எழுதி, இரண்டு பக்கமும் கூர்மையான அடைப்புக்குறி போட்டு அனுப்பினார். தலைப்பு மட்டும் காணாமல் போனது. "என் தலைப்பைத் திருடறது யாரும்மா?" என்று வந்து நின்றார். பிரௌசர் அதை ஒரு கட்டளை என்று எடுத்துக்கொண்டு விழுங்கியிருந்தது. வருகிறவர்கள் எழுதுவதை எழுத்தாக மட்டுமே காட்ட வேண்டும், கட்டளையாக நம்பவே கூடாது என்று அந்த முகமில்லாத குரல் சொன்னது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அதையும் சரிசெய்தாள். அறையில் அவளுக்குக் 'கம்ப்யூட்டரம்மா' என்று பெயர் வந்தது. ஒருவருக்கு எத்தனை பெயர்தான் வரும்?

மாமியாரும் படுக்கையிலிருந்தே படிப்பார். ஊசி குத்திய இடது கையை அசைக்கக் கூடாது. வலது கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் படித்துவிட்டு, பஸ்ஸில் திரும்பும்போது விமர்சனம் செய்வார். "வாத்தியார் ஒரு வரி சமாசாரத்துக்கு ஒரு பக்கம் எழுதறார். அவரைக் கொஞ்சம் கட்டிப்போடு." அவருக்குப் பெருமைதான், சொல்லிக்கொள்ள மாட்டார்.

வாத்தியார்தான் அடுத்ததையும் கேட்டார். "போன மாசம் உப்பைப் பத்தி டாக்டர் சொன்னதை ஒருத்தர் போட்டிருந்தாரே, அது எங்கம்மா போச்சு?" நியாயமான கேள்வி. ஒரு சனிக்கிழமை, சாயும் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து, இருபதே நிமிடத்தில் 'பழையவை' என்றொரு பொத்தானைச் செய்து போட்டாள். வாத்தியார் அமுக்கிப் பார்த்து, உப்பைக் கண்டுபிடித்து, "பலே" என்றார். அவர் தேடியது கிடைத்ததும் நிறுத்திவிட்டார். அவளும் அதற்குமேல் கீழே போய்ப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை டைலரம்மா அவளருகே வந்து உட்கார்ந்தாள். தம்பியைக் கூட்டி வருகிறவள், நல்ல மனுஷி, ஆனால் எதையும் உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாது.

"கம்ப்யூட்டரம்மா, இதப் படிச்சீங்களா? அடியில கிடந்துச்சு." கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தாள். "இது எப்ப முடியும்? முடியணும்னா என்ன நடக்கணும்னு எனக்குத் தெரியும்... யாரு எழுதினதோ தெரியலை, என் மனசுல இருக்கறத அப்படியே எடுத்து வெச்ச மாதிரி இருக்கு. அழுதுட்டேன். குரூப்ல எல்லாருக்கும் அனுப்பிட்டேன்."

"எந்த குரூப்ல?"

"நம்ம வார்டு குரூப்லதான். ஞாயித்துக்கிழமையே அனுப்பிட்டேனே."

மருமகளின் முகத்தில் ஈயாடவில்லை. அந்தக் குழுவில் நாற்பத்தோரு பேர். மாமியாரும் அதில் ஒருவர். எழுதியவர் பெயர் இல்லை, இருந்தும் என்ன? உலகத்தில் தண்ணி போலீஸ் ஒருத்திதான். லேப்டாப்பைத் திறந்து அதை அழித்தாள். அவள் பக்கத்திலிருந்து போய்விட்டது. நாற்பத்தோரு ஃபோன்களில் இருந்தது இருந்தபடி இருந்தது. பகிரும் பொத்தானைச் செய்த அன்று அவள் எவ்வளவு குதித்தாள்! ஒருமுறை வெளியே போனதைத் திரும்பக் கூப்பிடும் பொத்தானை எந்தப் பாடத்திலும் யாரும் சொல்லித்தரவில்லை.

பன்னிரண்டரைக்கு மாமியார் வெளியே வந்தார். முகத்தில் வழக்கமான களைப்பு. பஸ்ஸில் மருமகள் வாயைப் பிடுங்கிப் பார்த்தாள். "இன்னிக்கு ஃபோன் பார்க்கலையா அத்தை?"

"அதுல என்ன இருக்கு பார்க்க" என்றார் மாமியார், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

இதை எப்படி எடுத்துக்கொள்வது? பார்க்கவில்லை என்றா, பார்த்துவிட்டேன் என்றா? புதன்கிழமை முழுக்கக் கண்கொத்திப் பாம்பாக மாமியாரையே கவனித்தாள். ஒருமுறைகூடத் தண்ணி போலீஸ் என்று கூப்பிடவில்லை. அதைவிட மோசம், மாலையில் பாட்டிலைப் பார்த்தால் பாதித் தண்ணீர் அப்படியே இருந்தது. இன்னும் ஒரு வாய், இன்னும் அரை வாய் என்று தினமும் சண்டை போடுகிறவர். "தாகம் இல்லம்மா" என்றார். நான்கு வருடத்தில் அந்த வார்த்தையை அவர் சொல்லி மருமகள் கேட்டதில்லை. கேட்டுவிடலாமா என்று பலமுறை வாயெடுத்தாள். கேட்டு, அவர் படித்திருக்காவிட்டால், தானே போய்ச் சொன்னதாகிவிடும். படித்திருந்தால் அடுத்த வார்த்தை 'கையெழுத்து'தான்.

வியாழக்கிழமை பெரிய நர்ஸ் அவளைக் கூப்பிட்டார். நோயாளி சாக வேண்டும் என்று எழுதியது யார் என்று யாரோ புகார் செய்திருந்தார்கள். "இனிமே யார் எழுதினாலும் நீங்க பார்த்து சரின்னு சொன்ன அப்புறம்தான் வெளியில வரணும். இல்லேன்னா பக்கத்தை மூடச் சொல்லிடுவாங்க, பார்த்துக்குங்க." எழுதியது யார் என்று அவர் கேட்கவில்லை. தெரிந்தும் கேட்கவில்லையோ என்னவோ. அன்றே உட்கார்ந்து அதைச் செய்தாள். வருவதெல்லாம் இனி நேராகப் பட்டியலுக்குப் போகாது. அவளுக்கு மட்டும் தெரியும் ஒரு பக்கத்தில் வரிசையில் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பொத்தான்கள்: 'வெளியிடு', 'நீக்கு'. மாமியாரிடமும் சொன்னாள். "எழுதறது எல்லாம் இனிமே முதல்ல எங்கிட்டதான் வரும் அத்தை. நான் ஓகே பண்ணாத வரைக்கும் வேற யார் கண்ணுக்கும் தெரியாது."

"அப்படியா" என்றார் மாமியார். அவ்வளவுதான்.

சனிக்கிழமை. மாமியாரை உள்ளே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தபோதே அவளுக்கு இடுப்பு விட்டுப்போனது. இந்த வாரம் ஒரு வருடம் போல நீண்டிருந்தது. வரிசையில் இரண்டு நின்றன. வாத்தியாருடையது ஒன்று, தலைப்போடு. லிஃப்டைப் பற்றி ஒன்று. வெளியிட்டாள். பத்து மணி சுமாருக்கு மூன்றாவதாக ஒன்று வந்து நின்றது.

"தண்ணி போலீசுக்கு.

நீ எழுதினதைப் படிச்சேன். குரூப்ல வர்றதுக்கு முன்னாடியே, நீ பட்டன் போட்ட அன்னிக்கே அமுக்கிப் பார்த்துட்டேன். கோவம் வரலை. எப்ப முடியும்னு நானும் நினைக்கறவதான்.

பாரம்னு தெரிஞ்சா நிறுத்திடுவேன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சேன். தெரிஞ்சுபோச்சு. செவ்வாய்க்கிழமை வேண்டாம்னு சொல்லணும்னுதான் கிளம்பினேன். வியாழக்கிழமையும் அப்படித்தான் கிளம்பினேன். ஊசியை எடுத்துட்டு வந்ததும் கையை நீட்டிட்டேன்.

இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும்னு ஆசையா இருக்கு. அதை உன்கிட்ட கேக்கறதுக்கு வெக்கமா இருக்கு.

இதை வெளியில போடாதே."

மருமகள் அதை எத்தனை தடவை படித்தாள் என்று அவளுக்கே தெரியாது. டைலரம்மா ஏதோ கேட்டாள், காதில் விழவில்லை. நான்கு வருடம் பக்கத்தில் பக்கத்தில் நடந்திருக்கிறார்கள், ஒரே பஸ்ஸில் தோள் இடிக்க உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தக் கிழவி ஒரு வார்த்தை பேசவில்லை, அவளும் பேசவில்லை. கடைசியில் அவள் செய்த பெட்டிக்குள்தான் இருவரும் வாயைத் திறந்தார்கள். பாவமாக இருந்தது. மாமியாரை நினைத்தும், தன்னை நினைத்தும். லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்தாள்.

வார்டு வாசலில் நர்ஸ் தடுத்தார். "ரெண்டு நிமிஷம்" என்றாள் மருமகள். முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

மாமியார் கண்ணை மூடிப் படுத்திருந்தார். ஃபோன் வயிற்றின் மேல் கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் மெஷின் ரத்தத்தை வாங்கிக் கழுவிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

"படிச்சேன் அத்தை."

கண் திறக்காமலே கேட்டார். "வெளியில போட்டுட்டியா?"

"இல்ல."

நீங்கள் பாரமில்லை என்று சொல்லத்தான் அவள் ஓடி வந்தாள். வழியெல்லாம் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். இங்கே நின்றதும் அந்த வார்த்தை வரவில்லை. முப்பது வருடம் கம்பி வழியே அடுத்தவர் பொய்யைக் கேட்ட காது அது, நம்பவா போகிறது?

"பாரம்தான் அத்தை" என்றாள். "இல்லன்னு நான் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. எனக்கு முடியலை. ரொம்ப நாளாவே முடியலை. அதுக்காக நீங்க நிறுத்தக் கூடாது. நான் அலுத்துக்குவேன். அலுத்துக்கிட்டே கூட்டிட்டு வருவேன். என்னால அவ்வளவுதான் முடியும்."

மாமியாரின் மூடிய கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்து காதுப் பக்கம் இறங்கியது. ஒரு கையை அசைக்க முடியாது. மறு கையால் மருமகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். மருமகள்தான் குனிந்து துடைத்துவிட்டாள்.

"அவ்வளவு போதும்" என்றார் மாமியார். பிறகு, "டைலரம்மாவை மட்டும் குரூப்ல இருந்து எடுத்துடு" என்றார்.

"அவங்கதான் அத்தை குரூப்பையே ஆரம்பிச்சது."

நர்ஸ் வந்து கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். மருமகள் நகர்ந்தாள். மாமியார் பிடித்த மணிக்கட்டை உடனே விடவில்லை.

"செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்கு பஸ்?" என்று கேட்டார்.

நான்கு வருடமாக அதே பஸ், அதே நேரம்.

"ஏழேகால் அத்தை" என்றாள் மருமகள்.